பட்டியலை எங்கே வடிகட்டுவது? சிறிய வலைச் செயலி கட்டுவோருக்கு ஓர் ஒப்பீடு

ஏதோ ஒரு ஏபிஐயிலிருந்து, அதாவது இன்னொரு நிரல் கேட்டால் தரவு தரும் வாசலிலிருந்து, பட்டியலை வாங்கி வர வேண்டும். மேலே ஒரு தேடல் பெட்டி, பக்கத்தில் இரண்டு மூன்று தேர்வுகள், கீழே முடிவுகள். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் இதைக் கட்டப்போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே வரும் கேள்வி, எந்த ஃபிரேம்வொர்க் (திரையைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு), "ரியாக்டா, வியூவா?" என்பது. என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. வடிகட்டும் வேலை பிரவுசரில் நடக்கப்போகிறதா சர்வரிலா என்பது முதல் கேள்வி. பட்டியல் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் ஃபிரேம்வொர்க் விஷயம் பாதி தானாகவே முடிவாகிவிடும். அதில் தவறினாலும் ஒரு வாரத்தில் மாற்றி எழுதிவிடலாம். முதல் முடிவில் தவறினால் ஏபிஐ, தரவுத்தளம், திரை என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டிவரும்.

பேச வசதியாக ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலை வைத்துக்கொள்வோம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி, வகை, புத்தகம் இப்போது அலமாரியில் இருக்கிறதா என்ற ஒரு குறிப்பு. இவ்வளவுதான்.

பிரவுசரிலேயே வடிகட்டினால்

இந்த வழியில் முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் இறக்கிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் நினைவகத்தில் இருக்கும் அரேயை (பதிவுகளின் வரிசையை) ஃபில்டர் செய்து காட்டினால் போதும். இணைய இணைப்பு மெதுவாக இருந்தாலும் தேடல் உடனுக்குடன் நடக்கும்.

எத்தனை பதிவுகள் வரை இது தாங்கும்? பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புத்தகத்துக்கு 200 பைட் என்றால் 2,000 புத்தகங்களுக்கு 400 கேபி. ஜேசான் என்ற தரவு வடிவத்தில் "தலைப்பு", "ஆசிரியர்" போன்ற அதே புலப்பெயர்கள் ஒவ்வொரு பதிவிலும் திரும்பத் திரும்ப வருவதால் ஜிசிப் என்ற சுருக்கமுறை அதை நன்றாகவே சுருக்கிவிடும். கம்பியில் வரப்போவது ஒரு நடுத்தர அளவுப் புகைப்படத்தைவிடக் குறைவு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் மூன்று பைட் எடுக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. இறங்கிய பிறகு பத்தாயிரம் பதிவுகளை ஃபில்டர் செய்வது சாதாரணக் கணினியில் சில மில்லிசெகண்ட் வேலை.

இழுபறி ஏற்படுவது வடிகட்டுவதில் இல்லை, வடிகட்டியதைத் திரையில் வரைவதில்தான். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) காட்டும் திரையில் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். அதற்குள் பத்தாயிரம் வரிகளை டாமில், அதாவது பக்கத்துக்காக பிரவுசர் வைத்திருக்கும் உறுப்பு மரத்தில், அழித்துப் புதிதாக எழுதச் சொன்னால் எந்த பிரவுசரும் திணறும். தட்டிய எழுத்து பெட்டியில் தெரிவதற்கே தாமதமாகும். 2024 மார்ச்சிலிருந்து கூகுள் தன் பக்கத்தர அளவீடுகளில் ஐஎன்பி என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது. பயனர் ஏதாவது செய்ததிலிருந்து திரை மாறுவதற்கு 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகக் கூடாது என்பது அதன் எதிர்பார்ப்பு. பெரிய பட்டியலை மொத்தமாக வரைந்தால் இந்த அளவீட்டில்தான் அடி விழும்.

தீர்வு எளிது. முதல் ஐம்பது முடிவுகளைக் காட்டிவிட்டுக் கீழே "மேலும் காட்டு" பொத்தான் வைத்தால் போதும். பார்வையில் உள்ள வரிகளை மட்டும் வரையும் விர்ச்சுவல் லிஸ்ட் நுட்பம் ஒன்றும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிறிய செயலிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். திரையில் இல்லாத வரி டாமிலும் இல்லை என்பதால் கன்ட்ரோல் எஃப் தேடல் வேலை செய்யாது, திரைவாசிப்பான்கள் குழம்பும், வரிகளின் உயரம் வேறுபட்டால் உருட்டும்போது குதிக்கும். ஐம்பதாவது முடிவுக்குக் கீழே போய்த் தேடுபவருக்கு இன்னொரு வடிகட்டி தேவைப்படுகிறது என்று அர்த்தம். அதைச் சேர்த்துக் கொடுங்கள்.

சரி, இந்த வழி எப்போது ஒத்துவராது? ஏபிஐ பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தரும்போது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழை எங்கும் சிவப்பாகத் தெரியாது. நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹபின் ஏபிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலைக் கேட்டால் பெரும்பாலும் 30 பதிவுகள் வரும். கேட்டால் 100 வரை தரும். மீதிக்கு அடுத்த பக்கத்தின் முகவரி பதிலோடு வரும் தலைப்புத் தகவலில் (ஹெடர்) இருக்கும். இதைக் கவனிக்காமல் வந்த 30-ஐ வைத்துக்கொண்டு வடிகட்டி எழுதினால் செயலி அழகாக ஓடும். பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலில் ஒரு பிழையும் வராது. ஆனால் 31-ஆவது பதிவைத் தேடுபவருக்கு "எதுவும் இல்லை" என்று பொய் சொல்லும். சோதித்துப் பார்ப்பவரும் கண்ணில் படும் முதல் பக்கத்துப் பெயர்களையே தட்டிப் பார்ப்பதால் அவரிடமும் சிக்காது.

பக்கங்களாக வெட்டிய பட்டியலை பிரவுசரில் வடிகட்டக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பக்கங்களையும் சுற்றிச் சுற்றி வாங்கிச் சேர்த்துவிட்டு வடிகட்டுங்கள், அல்லது தேடல் சொல்லை ஏபிஐயிடமே கொடுத்து வடிகட்டச் சொல்லுங்கள். முதலாவதில் எண்ணிக்கை வரம்பு குறுக்கே வரும். அதே கிட்ஹப், அடையாளம் காட்டாமல் கேட்பவருக்கு ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 அழைப்புகள்தான் தரும். ஒவ்வொரு பயனரும் பக்கத்தைத் திறக்கும்போது இருபது அழைப்புகள் போனால், மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்தவுடன் கதை முடிந்தது.

இன்னும் மூன்று தடைகள் உண்டு. பிரவுசருக்கு வந்த எதுவும் ரகசியம் இல்லை. "வெளியிடப்படாதது" என்று குறித்த பதிவுகளைத் திரையில் மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தால், பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவருக்கும் அவை கிடைக்கும். ஏபிஐக்குச் சாவி (அனுமதிக்கான ரகசியக் குறி) தேவையென்றால் அந்தச் சாவிக்கும் இதே கதிதான். கட்டும்போது என்வ் என்ற அமைப்புக் கோப்பில் வைத்தாலும், கட்டி முடித்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் அது அப்படியே எழுத்தாக உட்கார்ந்திருக்கும். அப்புறம் கோர்ஸ், தளத்துக்குத் தளம் பிரவுசர் போடும் கட்டுப்பாடு. மற்றொரு தளத்தின் ஏபிஐ, தன் பதிலில் உங்கள் தளத்துக்கு அனுமதி உண்டு என்று தலைப்புத் தகவல் அனுப்பாவிட்டால் பதிலை உங்கள் ஸ்கிரிப்ட் படிக்க பிரவுசர் விடாது. ஏபிஐயைச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனில் வருகிறதே, பிரவுசரில் ஏன் வரவில்லை என்று தலையைச் சொறியும் நேரம் இதுதான். போஸ்ட்மேன் பிரவுசர் இல்லை, அதற்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. உங்கள் கோடில் எதை மாற்றினாலும் இது தீராது. அந்தப் பக்கம் அனுமதி தர வேண்டும், இல்லையென்றால் நடுவில் உங்கள் சர்வர் ஒன்று வேண்டும்.

சர்வரில் வடிகட்டினால்

பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்தாலும், ஆளுக்கு ஆள் பார்க்கும் உரிமை மாறினாலும், அலமாரியில் புத்தகம் இருக்கிறதா என்பது நிமிடத்துக்கு நிமிடம் முக்கியமானாலும் வேறு பேச்சே இல்லை, சர்வர்தான். தேடல் சொல்லை அனுப்புகிறோம், பொருந்தும் இருபது முப்பது பதிவுகள் மட்டும் திரும்பி வருகின்றன.

தரவுத்தளப் பக்கம் பயமுறுத்தும் அளவுக்கு எதுவும் இல்லை. எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் சில பத்தாயிரம் பதிவுகளில் லைக் என்ற ஒப்பீட்டுக் கட்டளை போட்டுத் தேடுவது போதுமான வேகத்தில் நடக்கும். சொல்லின் இருபுறமும் சதவீதக் குறி போட்டால் சாதாரண இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) உதவாது, ஒவ்வொரு வரியாகத்தான் படிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த அளவில் அது உறைக்காது. அதற்கு மேல் போனால் எஃப்டிஎஸ்5 என்ற முழுஉரைத் தேடல் வசதி எஸ்க்யூலைட்டோடே வருகிறது. தனியாக ஒரு தேடல் இயந்திரத்தை நிறுவும் யோசனையை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பிரவுசர் பக்கம்தான் இந்த வழியில் வேலை கூடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அழைப்பு போகாமல், தட்டுவது நின்று 250 அல்லது 300 மில்லிசெகண்ட் ஆன பிறகு அனுப்ப வேண்டும். டிபவுன்ஸ் என்பது இதுதான். அதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், முடியவில்லை. "கம்" என்று தட்டி ஒருவர் நிறுத்துகிறார், அழைப்பு போகிறது. பிறகு "கம்பர்" என்று முடிக்கிறார், இரண்டாவது அழைப்பும் போகிறது. முதல் அழைப்புக்கு நிறையப் பதிவுகள் பொருந்துவதால் அதன் பதில் தாமதமாகி, இரண்டாவது பதிலுக்குப் பிறகு வந்து சேரலாம். அப்போது பெட்டியில் "கம்பர்" என்று இருக்கும், கீழே "கம்" என்பதற்கான முடிவுகள் இருக்கும். டிபவுன்ஸ் இதைக் குறைக்குமே தவிர தடுக்காது. புது அழைப்பு கிளம்பும்போது பழையதை பிரவுசரில் உள்ள அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு ரத்து செய்ய வேண்டும். அல்லது அழைப்புக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கு உரிய பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் கணினியில், உங்கள் சர்வரோடு, இந்தப் பிழை கண்ணில் படவே படாது. டெவலப்பர் கருவியில் இணைப்பை மெதுவாக்கிச் சோதித்தால்தான் சிக்கும்.

சர்வரை அழைக்க ஜாவாஸ்கிரிப்டில் உள்ள ஃபெட்சின் குணங்கள் இரண்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சர்வர் 404 அல்லது 500 அனுப்பினால் ஃபெட்ச் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது, பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குப் போகாது. பதிலின் ஓகே மதிப்பை நாம்தான் பார்க்க வேண்டும். இணைப்பே அறுந்தாலோ, கோர்ஸ் தடுத்தாலோ, அழைப்பு ரத்தானாலோதான் அது பிழை எழுப்பும். நேர வரம்பும் தானாக வராது, அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டை நாம் கொடுக்க வேண்டும். இதனால் திரைக்கு மூன்று நிலைகள் தேவை: வந்துகொண்டிருக்கிறது, வந்தது ஆனால் எதுவும் பொருந்தவில்லை, வரவே இல்லை. கடைசி இரண்டையும் ஒரே வெற்றுத் திரையாகக் காட்டும் செயலிகள் ஏராளம். புத்தகம் நூலகத்தில் இல்லை என்பதும் சர்வர் விழுந்துவிட்டது என்பதும் பயனருக்கு ஒன்றாகத் தெரிந்தால் அவர் வேறு எங்கோ போய்த் தேடுவார்.

பக்கம் பிரிப்பதில் ஆஃப்செட் (முதல் இத்தனை பதிவுகளை விட்டுவிட்டு அடுத்தவற்றைக் கேட்பது) எளிது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பயனர் இரண்டாம் பக்கத்துக்குப் போகும் நேரத்தில் புதுப் பதிவு மேலே சேர்ந்தால் ஒரு பதிவு இரண்டு முறை தெரியும். அது தாங்க முடியாத பட்டியல் என்றால் மட்டும், கடைசியாகப் பார்த்த பதிவிலிருந்து தொடரும் கர்சர் முறைக்கு மாறலாம்.

அதிகம் பேசப்படாத நடுவழி

இந்த இரண்டுக்கும் இடையில் ஒன்று இருக்கிறது. சிறிய செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு என் தேர்வு இதுதான். மணிக்கு ஒரு முறையோ நாளுக்கு ஒரு முறையோ தானாக ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அது ஏபிஐயின் எல்லாப் பக்கங்களையும் பொறுமையாக வாங்கி, தேவையற்ற புலங்களை வெட்டி, ஒரே ஜேசான் கோப்பாக எழுதிவிடுகிறது. அந்தக் கோப்பும் எச்டிஎம்எல்லும் சாதாரண நிலையான தளத்தில் உட்காருகின்றன. பிரவுசர் அந்தக் கோப்பை இறக்கித் தானே வடிகட்டிக்கொள்கிறது.

மேலே புலம்பிய பல விஷயங்கள் இதில் காணாமல் போகின்றன. சாவி ஸ்கிரிப்டோடு நின்றுவிடுகிறது, பயனரை எட்டுவதில்லை. கோப்பு உங்கள் தளத்திலேயே இருப்பதால் கோர்ஸ் தொல்லை இல்லை. ஆயிரம் பேர் வந்தாலும் மூல ஏபிஐக்குப் போவது அதே ஒரு சுற்று அழைப்புகள்தான். மூல ஏபிஐ ஒரு மணி நேரம் விழுந்துகிடந்தாலும் உங்கள் பக்கம் பழைய பட்டியலோடு ஓடிக்கொண்டிருக்கும். ஏபிஐ தரும் நாற்பது புலங்களில் உங்களுக்குத் தேவைப்படுவது ஆறு என்றால் மீதி 34-ஐ இங்கேயே கழித்துவிடலாம். இதனால் கோப்பு சுருங்குவது ஜிசிப் செய்வதைவிட அதிகமாகக்கூட இருக்கும். கோப்பு மாறவில்லை என்றால் ஈடேக் என்ற பதிப்பு அடையாளத்தைப் பார்த்து சர்வர் 304 (மாறவில்லை) என்று மட்டும் பதில் தரும், மறுபடி இறக்க வேண்டியதில்லை.

இதன் ஆபத்து ஒன்றுதான், ஆனால் மோசமான ஒன்று. ஸ்கிரிப்ட் ஒரு நாள் நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. பக்கம் அழகாக இருக்கும், பட்டியல் மட்டும் மூன்று வாரம் பழையதாக இருக்கும். ஆகவே கோப்புக்குள்ளேயே எடுத்த நேரத்தை எழுதுங்கள், பக்கத்தில் அதைக் காட்டுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பழையதானால் நிறம் மாற்றி எச்சரியுங்கள். இன்னொன்று: ஸ்கிரிப்ட் பாதி பக்கங்களை வாங்கி நடுவில் தடுமாறினால் அந்தப் பாதிப் பட்டியலை எழுதிவிடக் கூடாது. எல்லாம் வந்த பிறகே பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்க வேண்டும். புதிய பட்டியல் பழையதில் பாதிக்கும் கீழே இருந்தால் எழுத மறுக்கும்படி ஒரு சோதனை வைப்பதும் நல்லது.

அலமாரியில் புத்தகம் இருக்கிறதா என்ற ஒரு புலம் மட்டும் உடனடியாக மாறுவது, மற்றவை மாதக்கணக்கில் மாறாதவை என்றால் இரண்டையும் பிரிக்கலாம். பெரிய பட்டியல் கோப்பிலிருந்து வரட்டும். பயனர் ஒரு புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் அதன் நிலையை நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது கருவி

வெறும் ஜாவாஸ்கிரிப்டை இந்த வேலைக்குப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு தேடல் பெட்டி, இரண்டு தேர்வுகள் என்றால் எந்த ஆயத்த நிரல் நூலகமும் இல்லாமல் நூறு வரிக்குள் முடியும். சில நூறு பதிவுகள்தான் என்றால் அதைவிடச் சுலபமான வழியும் உண்டு. எல்லா வரிகளையும் முதலிலேயே எச்டிஎம்எல்லில் எழுதிவிட்டு, பொருந்தாதவற்றுக்கு ஹிடன் பண்பை மட்டும் போட்டால் ஆயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் பட்டியல் தெரியும். ஹிடன் போட்டும் வரி மறையவில்லை என்றால் உங்கள் சிஎஸ்எஸ்ஸில் அந்த வரிக்கு டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ் கொடுத்திருப்பீர்கள், அது ஹிடனை மீறிவிடும்.

வெறும் ஜாவாஸ்கிரிப்டில் கவனிக்க வேண்டியது, ஏபிஐயிலிருந்து வந்த உரையை, அதை எச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர்எச்டிஎம்எல்லில் ஒட்டவைக்காமல் இருப்பது. புத்தகத் தலைப்பில் யாராவது ஸ்கிரிப்ட் ஒளித்து வைத்திருந்தால் அது உங்கள் பக்கத்தில் ஓடிவிடும். வெறும் எழுத்தாகவே வைக்கும் டெக்ஸ்ட்கன்டென்ட் பயன்படுத்துங்கள். வரியின் அமைப்பு பெரிதாக இருந்தால் டெம்ப்ளேட் டேகில் ஒரு மாதிரியை வைத்து நகலெடுத்து நிரப்பலாம்.

இதன் எல்லை எங்கே? பதிவுகளின் எண்ணிக்கையில் இல்லை, திரையில் ஒன்றையொன்று சார்ந்து மாறும் துண்டுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஐந்து வடிகட்டிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இதில் இத்தனை" என்ற எண், வரிசை மாற்றம், தேர்ந்தெடுத்த புத்தகங்களுக்கு ஒரு கூடை. இந்தக் கட்டத்தில் எதை மாற்றினால் எதைத் திரும்ப வரைய வேண்டும் என்பதை நீங்களே நினைவில் வைத்துக்கொண்டிருப்பீர்கள். அது ஃபிரேம்வொர்க் செய்ய வேண்டிய வேலை.

ரியாக்ட் 2013-இல் வெளிவந்தது. உதவி கேட்க ஆள் நிறையக் கிடைப்பார்கள், பொருந்தும் தொகுப்புகளும் ஏராளம். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, சுருக்கிய பிறகும் 40 கேபிக்கு மேற்பட்ட சுமையும், கோடை வெளியிடும் வடிவுக்கு மாற்றும் ஒரு பில்டு ஏற்பாடும். பழைய பாடங்களில் வரும் தொடக்கக் கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பிப்ரவரியில் அதிகாரப்பூர்வமாக ஓய்வுபெற்றுவிட்டது, வீட் என்ற பில்டு கருவி கொண்டு தொடங்குங்கள். இந்த வகைச் செயலியில் ரியாக்ட் பழகுவோர் வழுக்கும் இடம், வடிகட்டிய பட்டியலைத் தனி ஸ்டேட்டாக (ரியாக்ட் நினைவில் வைக்கும் மதிப்பாக) வைத்து, வரைந்த பிறகு ஓடும் யூஸ்எஃபெக்ட் மூலம் அதைப் புதுப்பிப்பது. ஸ்டேட்டில் இருக்க வேண்டியவை முழுப் பட்டியலும் தேடல் சொல்லும் மட்டுமே. வடிகட்டியது ஒவ்வொரு முறை வரையும்போதும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியது. இரண்டு இடங்களில் வைத்தால் ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கும். வரிகளுக்குக் கீயாக (ரியாக்ட் வரியை அடையாளம் காணும் குறியாக) வரிசை எண்ணைக் கொடுப்பதும் அப்படித்தான். வடிகட்டும்போது மூன்றாவது புத்தகத்துக்குப் போட்ட டிக், இப்போது மூன்றாவதாக நிற்கும் வேறு புத்தகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் அடையாள எண்ணையே கீயாகக் கொடுங்கள். ரியாக்ட் 18-இலிருந்து டெவலப்மென்டில் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை நிலை எஃபெக்டை இரண்டு முறை ஓட்டுவதால் நெட்வொர்க் டேபில் அழைப்பு இரண்டாகத் தெரியும். வெளியிட்ட பதிப்பில் அப்படி நடக்காது, அதைத் துரத்திக்கொண்டு ஒரு மாலையை வீணாக்க வேண்டாம்.

வியூவின் கம்ப்யூட்டட் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். சார்ந்தவை மாறினால் மட்டும் வடிகட்டிய பட்டியல் மறுபடி கணக்கிடப்படும், இல்லையென்றால் பழைய விடையே வரும். ரியாக்டில் சொன்ன முதல் வழுக்கலுக்கு இங்கே இடம் குறைவு. ஸ்வெல்ட் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க் கம்பைல் செய்து சிறிய கோப்பைத் தரும். குழுவில் ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆல்பைன், வெறும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இவற்றுக்கும் நடுவே நிற்பது. பில்டு வேண்டாம், ஒரு ஸ்கிரிப்ட் டேக் போதும். நடுவழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

சர்வரில் வடிகட்டுவது என்று முடிவானால் எச்டிஎம்எக்ஸைக் கட்டாயம் பாருங்கள். 2020-இல் வந்தது, இன்டர்கூலர் என்பதன் வாரிசு. சர்வர் ஜேசானுக்குப் பதில் வரிகளை எச்டிஎம்எல்லாகவே அனுப்பும். தேடல் பெட்டியில் சில பண்புகளை எழுதிவிட்டால், தட்டி நின்ற பிறகு அழைப்பதையும் வந்த துண்டைப் பட்டியலில் மாற்றுவதையும் அது பார்த்துக்கொள்ளும். பழைய அழைப்பைக் கைவிடுவதற்கும் ஒரு பண்பு இருக்கிறது. ஏற்கெனவே ஜேங்கோ, லாராவெல், ரெயில்ஸ் என்று ஏதோ ஒன்றில் சர்வர் வைத்திருப்பவர், பட்டியலுக்காக மட்டும் ரியாக்டைக் கொண்டுவந்து ஒரே விஷயத்தை இரண்டு மொழிகளில் எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பட்டியல் பிரவுசரில் இருக்கப்போகிறது என்றால் எச்டிஎம்எக்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

ஜாவாஸ்கிரிப்டே இல்லாமல், கெட் முறையில், அதாவது தேடல் சொல்லை முகவரியிலேயே சேர்த்து, அனுப்பும் ஒரு படிவமும் "தேடு" பொத்தானும் வைப்பதும் ஒரு வழிதான். அலுவலகத்துக்குள் பத்துப் பேர் பயன்படுத்தும் கருவிக்கு அது போதும். எச்டிஎம்எக்ஸை அதன் மேல் பிறகு பூசிக்கொள்ளலாம்.

தமிழ்ப் பட்டியல் என்றால் கூடுதலாக

ஆங்கிலப் பாடங்களில் வராத ஒன்று இது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. ஏபிஐயில் ஒரு வகை, பயனரின் விசைப்பலகையில் இன்னொரு வகை என்றால், கண்ணெதிரே இருக்கும் "கொற்றவை"யைத் தேடினால் கிடைக்காது. இரண்டு பக்கமும் நார்மலைஸ் செய்த பிறகே, அதாவது ஒரே வகைக்கு மாற்றிய பிறகே, ஒப்பிட வேண்டும். பட்டியலை வாங்கும்போதே ஒரு தடவை செய்து தனிப் புலமாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தட்டலிலும் செய்ய வேண்டியதில்லை. சர்வரில் என்றால் சேமிக்கும்போதே செய்துவிடுங்கள், எஸ்க்யூலைட் இதைத் தானாகச் செய்யாது.

வரிசைப்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண சார்ட் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கும். யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இருப்பதால் நெடுங்கணக்கு வரிசை குலைந்துவிடும். தமிழுக்கென்று, மொழியின் வரிசைப்படி ஒப்பிடும் இன்ட்ல் கொலேட்டர் ஒன்றை ஒரே ஒருமுறை உருவாக்கி அதைக் கொண்டு ஒப்பிட்டால் சரியாக வரும். சார்ட் மூல அரேயையே கலைத்துவிடும் என்பதால் நகலெடுத்து அடுக்குங்கள், இல்லையென்றால் "இயல்பான வரிசை"க்குத் திரும்ப வழி இருக்காது. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும் நடுவிலேயே உள்ளீட்டு நிகழ்வுகள் கிளம்புவதும் உண்டு. நிகழ்வின் இஸ்கம்போசிங் மதிப்பு உண்மை என்று இருக்கும்வரை தேடலைத் தொடங்காமல் இருந்தால் அரைகுறை எழுத்துக்கு அழைப்பு போகாது.

எந்த வழியானாலும் வடிகட்டிகளை யூஆர்எல்லில் வையுங்கள். "2010-க்குப் பிறகு வந்த தமிழ் நாவல்கள், அலமாரியில் உள்ளவை" என்ற தேடலை ஒருவர் நண்பருக்கு அனுப்ப வேண்டும் என்றால் முகவரிப் பட்டையை நகலெடுத்தால் போதும் என்றிருக்க வேண்டும். எழுத்து தட்டும்போது இருக்கும் முகவரியையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட், தேர்வுப் பட்டியலை மாற்றும்போது வரலாற்றில் புது முகவரி சேர்க்கும் புஷ்ஸ்டேட் என்று பிரித்துக்கொண்டால் பின் பொத்தான் எழுத்து எழுத்தாகப் பின்னால் போகாது. ரீப்ளேஸ்ஸ்டேட்டையும் டிபவுன்ஸுக்குப் பிறகே அழையுங்கள். குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறி அழைத்தால் சில பிரவுசர்கள் பிழை எழுப்பும். முடிவு எண்ணிக்கையை ஏரியா-லைவ் என்ற பண்பு உள்ள ஓர் இடத்தில் எழுதினால் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் பட்டியல் மாறியது தெரியும்.

பிறகு மாற வேண்டிவந்தால்

இன்று 1,500 பதிவுகள், அடுத்த ஆண்டு ஒரு லட்சமாகலாம் என்ற சந்தேகம் இருந்தால்? இப்போதே சர்வர் கட்ட வேண்டியதில்லை. நடுவழியில் தொடங்குங்கள், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு. வடிகட்டும் வேலை முழுவதும் ஒரே செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) இருக்கட்டும். தேடல் சொல், வடிகட்டிகள், பக்க எண் ஆகியவை உள்ளே போக வேண்டும், அந்தப் பக்கத்துப் பதிவுகளும் மொத்த எண்ணிக்கையும் வெளியே வர வேண்டும். நினைவகத்திலேயே எல்லாம் நடந்தாலும் அது ப்ராமிஸாகவே (பிறகு வந்து சேரும் விடையாகவே) பதில் தரட்டும். திரைப் பகுதி முழுப் பட்டியலை ஒருபோதும் நேரடியாகத் தொடக் கூடாது, "மொத்தம் இத்தனை" என்று காட்டுவதற்கு அரேயின் நீளத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. யூஆர்எல்லில் உள்ள பெயர்களே பின்னால் சர்வருக்கு அனுப்பப்போகும் பெயர்களாக இருக்கட்டும். அப்படி எழுதியிருந்தால் மாறும் நாளில் அந்த ஒரு செயற்கூறின் உள்ளே ஃபில்டரை எடுத்துவிட்டு ஃபெட்சை வைத்து, டிபவுன்ஸும் அழைப்பு ரத்தும் சேர்த்தால் போதும். வந்துகொண்டிருக்கிறது, வரவே இல்லை என்ற இரண்டு நிலைகளையும் முதல் நாளிலிருந்தே திரையில் வைத்திருந்தீர்கள் என்றால் அங்கேயும் தொட வேண்டியது எதுவும் இருக்காது.